வாடிவீட்டில் ஓர் இரவு

உயர்தர வகுப்பில் ஒரு நாள் ஈழத்துச் சிறுகதையொன்றைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கதையில் 'வாடிவீடு' என்ற சொல் வந்தது. கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "பூ வாடும், பயிர் வாடும், வீடும் வாடுமா சேர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பயணிகள் தங்கிச் செல்லும் விடுதி என்று பொருள் சொல்லி மேலே போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

'வாடி' என்றால் என்னவென்று உடப்பில் பிறந்த எனக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. மீன்பாட்டுக் காலத்தில் ஊர்விட்டு ஊர் சென்று தொழில் செய்யும் மீனவர், கடற்கரையில் தடி நட்டு, கிடுகு வேய்ந்து போட்டுக்கொள்ளும் தற்காலிகக் குடிலே வாடி. பருவம் முடிந்ததும் கிடுகைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். வேலியடைத்த இடம், தோட்டம், மனை என்றும் இச்சொல்லுக்குப் பொருள்கள் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் நாற்காலி போட்டுச் சுருட்டுப் புகைத்த விடுதிக்கும், எங்கள் சம்மாட்டிமாரின் கிடுகுக் குடிலுக்கும் தமிழ் ஒரே பெயரை வைத்திருக்கிறது. இரண்டிலும் இருப்பவன் சில நாள் விருந்தாளி என்பதுதான் அந்தப் பெயரின் உட்கிடக்கை என்று எனக்குப் படுகிறது.

சென்ற ஆவணி விடுமுறையில் கற்பிட்டிக்குப் போனபோது, அத்தகைய ஒரு வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைக் கடந்து, ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக நீண்டு கிடக்கும் அந்த மணற்பாங்கான நிலத்தின் முனையில் ஊர் இருக்கிறது. இப்போது காற்றாடிப் பலகையில் கடலைக் கிழித்துச் செல்லவும், ஓங்கில்களைப் பார்க்கவும் வெளிநாட்டார் வருகிறார்கள். அவர்களுக்காக ஊரில் பல வீடுகள் விடுதிகளாகியுள்ளன. படுக்கையும் காலைச் சாப்பாடும் தருவதே ஏற்பாடு. நான் தங்கியது விக்டோரியா மகாராணி காலத்துப் பழைய வீடு. முன்னால் நீண்ட விறாந்தை, உருண்டைத் தூண்கள், இரண்டாள் உயரக் கதவுகள், கதவுக்கு மேலே அரைவட்டத்தில் நிறக்கண்ணாடி. ஊர்க்காரர் அதை 'துரைவாடி' என்கின்றனர். அரசாங்க வாடிவீட்டில் இடமில்லாத நாட்களில் அதிகாரிமாருக்கு இங்கே அறை கொடுத்ததால் வந்த பெயராம்.

வீட்டுக்காரர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பெரியவர். நான் அவரை நானா என்றும் அவர் என்னை மாஸ்டர் என்றும் அழைத்தோம். தமிழாசிரியர் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "மாஸ்டர், கேட்டில் ஒரு பலகை போடப் போகிறேன். ஒல்லாந்தர் கட்டிய வீடு என்று. கோட்டை கட்டின அதே காலம். அதைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள். தமிழில் எழுதினால் மகன் இங்கிலீசில் மாற்றிக்கொள்வான்" என்றார். வாடகையில் கழிவு தருவதாகவும் சொன்னார். வரலாற்றை இப்படிக் கூலிக்கு எழுத எனக்கு முதன்முறையாக அழைப்பு வந்தது.

விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, இந்தக் கரைக்கு வந்து தங்கியவர்களை எண்ணிப் பார்த்தேன்.

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, காற்றுத் திசைமாறியதால் இந்தக் கரையில் வந்து ஒதுங்கினார். 'பத்தாலா' என்று அவர் குறிப்பிடும் ஊர் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே அவரை வரவேற்றவன் ஆரியச்சக்கரவர்த்தி. கரையில் குவிந்து கிடந்த கறுவாப்பட்டையையும், மன்னனிடமிருந்த முத்துக்களையும் கண்டு அவர் வியந்தார். மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கியதாம். எது வேண்டுமென்று கேட்டபோது, ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்றார் பயணி. பல்லக்கும், வழிகாட்ட ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், தன் ஆட்கள் பத்துப்பேரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினான் அந்த இந்து மன்னன். 'பந்தர் சலாவாத்' என்று அவர் எழுதியது நமது சிலாபத்தை என்பர். வந்தவர் எந்த மார்க்கத்தவர் என்பது விருந்தோம்பலுக்குத் தடையாக இருக்கவில்லை. புத்தளக் கரையைப் பற்றிப் பிறநாட்டார் எழுதிவைத்த பழைய குறிப்புகளுள் இது முதன்மையானது.

பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர். அவர்களின் பின்னே ஒல்லாந்தர் வந்து, 1667இல் தொடங்கி 1676இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி முடித்தனர். களப்பின் வாயிலைக் காவல் செய்தால், கண்டி மன்னனின் வெளிநாட்டு வணிகத்தின் குரல்வளையைப் பிடித்தது போலாகும் என்பது அவர்கள் கணக்கு. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. வழிப்போக்கருக்கு 'ஓய்வு வீடு' அமைக்கும் வழக்கத்தை ஒல்லாந்தரிடமிருந்து பெற்ற ஆங்கிலேயர், அதைத் தெருத்தோறும் விரித்தனர். 19ஆம் நூற்றாண்டில் மாட்டுவண்டியும் குதிரையும் ஒரு நாளில் செல்லக்கூடிய தூரத்தைக் கணக்கிட்டு வாடிவீடுகள் எழுந்தன. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று அவை கரையோரமாக வந்தன. வாடிவீட்டுக் காவலர் கட்டிலும் உணவும் தரவேண்டும். விலைப்பட்டியல் சுவரில் தொங்கும். கடமையில் வரும் அரசாங்க அதிகாரிக்கே முதலிடம். குறை சொல்ல ஒரு கொப்பி மேசையில் கிடக்கும்.

வாடிவீட்டுக்கு வரும் தெருவை யார் போட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தேசாதிபதி டொரிங்டன் காலத்தில், 1848இல், வீதிச் சட்டம் ஒன்று வந்தது. 18 முதல் 55 வயதுவரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் வேலைசெய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது அது. அதே ஆண்டில் மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்ததற்கு, நாய்வரி முதலானவற்றோடு இச்சட்டமும் காரணமாயிற்று. புத்தளமும் குருநாகலும் 1845இல் அமைந்த வடமேல் மாகாணத்தில் ஒன்றாக இருந்தவை. ஆறு நாள் கல் சுமந்தவன் அந்தத் தெருவில் நடக்கலாம். தெருமுனையில் உள்ள வாடிவீட்டுக் கட்டிலில் படுக்க அவனை யார் விட்டார்கள்? அவனுக்கு அம்பலமும் மடமும் மரநிழலும்தான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்ததாகச் சொல்லமுடியாது. அம்மம்மாவின் தகப்பனார், எனக்குப் பூட்டன், கடலை விட்டு மாடு பிடித்தவர். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வண்டி ஓட்டினார். உப்பும் கருவாடும் ஏற்றுவார். சில நாட்களில் துரைமாரின் பெட்டி படுக்கைகளையும் ஏற்றுவார். அந்த நாட்களைப் பற்றி அம்மம்மா ஒரே வாக்கியத்தில் சொல்வா: "துரைக்குக் கட்டில், மாட்டுக்கு வைக்கோல், எங்கள் ஐயாவுக்கு வண்டிக்கடி." வாடிவீட்டு வளவுக்குள் வண்டியை அவிழ்க்கலாம். விறாந்தைப் படியில் கால் வைக்கக்கூடாது. எந்த வாடிவீடு என்று அம்மம்மா சொல்லவில்லை. கேட்கும் வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அந்த மாலையில் விறாந்தைக் கதிரையில் சாய்ந்திருந்த எனக்கு, முற்றத்து மணலில் ஒரு வண்டி அவிழ்த்துக் கிடப்பது போன்ற நினைவு வந்துகொண்டேயிருந்தது.

விக்டோரியா காலத்துக் கற்பிட்டி என்றால் துரைமாரின் பெயர்களே நூல்களில் முன்னே வருகின்றன. ஆனால் அந்த ஊரின் பெயரைத் தமிழிலக்கிய வரலாற்றில் பதித்தவர் அவ்வூரிலேயே பிறந்த சைமன் காசிச்செட்டி. 1807இல் பிறந்த அவர், பதினேழு வயதிலேயே அரசாங்க சேவையில் சேர்ந்து, மணியகாரராகவும் முதலியாராகவும் கடமையாற்றினார். 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. விக்டோரியா முடிசூட இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. 1838இல் தமிழ்மக்களின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்கு நியமிக்கப்பட்டார். பின்னர் சிலாபத்தில் நீதிபதியாக இருந்து, 1860இல் காலமானார். மறைவதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்ததே அவருடைய 'தமிழ் புளூட்டாக்'. கிரேக்க நாட்டுப் பெருமக்களின் வாழ்க்கையை எழுதிய புளூட்டாக்கின் பெயரைத் தாங்கி, ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூல் அது. 1886இல் ஆணல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' வருவதற்கு முன்பே, புலவர் வரலாற்றுக்கு இந்த மணல்முனையில் பிறந்தவர் பாதை போட்டுவிட்டார்.

அந்நூலில் செவிவழிக் கதைகளும் உண்டு, பிழைகளும் உண்டு. பின்வந்தோர் திருத்தினார்கள். திருத்துவதற்கு ஒன்று எழுதப்பட்டிருந்ததே அவர் செய்த உதவி. இரவுச் சாப்பாட்டின்போது, "காசிச்செட்டி பிறந்த ஊரல்லவா இது?" என்று நானாவிடம் கேட்டேன். "எந்தச் செட்டி மாஸ்டர்? கடை வைத்திருந்தவரா?" என்று கேட்டார். அவர்மீது குறை இல்லை. அவர் பிள்ளைகள் படித்த பாடப்புத்தகத்திலும் அந்தப் பெயர் எத்தனை வரியில் வந்திருக்கும்?

சாப்பாடு முடிந்ததும் வீட்டின் வயதைப் பார்க்கத் தொடங்கினோம். சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். அதை ஒல்லாந்தரும் பயன்படுத்தினர், பின்வந்தோரும் பயன்படுத்தினர். ஆகவே சுவர் சாட்சி சொல்லாது. கூரையிலிருந்து கழற்றி மூலையில் அடுக்கியிருந்த ஓடுகளில் ஒன்றை எடுத்து மின்சூளின் வெளிச்சத்தில் புரட்டினேன். அச்சுப் பதித்த தட்டை ஓடு. இவ்வகை ஓட்டைப் பாசல் மிசன் பாதிரிமார் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கியது 1865இல். அதன்பிறகே அது மரக்கலமேறி நம் கரைகளுக்கு வந்தது. நம்மவர் அதைக் கள்ளிக்கோட்டை ஓடு என்று பெயரிட்டனர். "ஓட்டைப் பிறகும் மாற்றியிருக்கலாமே?" என்றார் நானா. நியாயமான கேள்வி. கூரையின் வயது வீட்டின் வயதாகாது. அவரே உள்ளே போய்த் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து பழைய உறுதிகளை விரித்தார். அவற்றுள் மிகப் பழையது விக்டோரியா ஆட்சியின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. அதில் அந்தக் காணி, வீடேதுமில்லாத தென்னந்தோட்டம் என்றே எல்லை குறித்து விற்கப்பட்டிருந்தது.

சற்றுநேரம் இருவரும் பேசவில்லை. வெளியே களப்பின் காற்று ஓலைகளை உலைத்துக்கொண்டிருந்தது. "ஒல்லாந்தர் வீடு என்றால்தான் மாஸ்டர் ஆட்கள் வருவார்கள். தென்னந்தோட்டம் என்றால் யார் வருவார்?" என்றார் அவர். அவருடைய பிழைப்பு அது. கொரோனாவுக்குப் பிறகும், 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியிலும், அறைகள் பூட்டிக் கிடந்த மாதங்களை அவர் முன்னமே சொல்லியிருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் படுக்கப் போனேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலைச் சாப்பாட்டு மேசையில் மற்ற அறைக்காரருக்கு மீன் குழம்பு இருந்தது. என் முன்னால் இடியப்பமும், பால்சொதியும், தேங்காய்ச் சம்பலும், பருப்பும் மட்டும் வந்தன. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நானாவின் மனைவி வாசற்படியில் நின்று, "வெள்ளிக்கிழமை அல்லவா மாஸ்டர். நான் முந்தல் பக்கத்தில் பிறந்தவள். உடப்புப் பிள்ளைகளோடுதான் படித்தேன்" என்றா. மார்க்கம் வேறான விருந்தாளிக்குப் பல்லக்குக் கொடுத்தனுப்பிய மன்னனின் கதையை முதல்நாள் மாலை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பருப்புக்கறி பல்லக்குக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

"ராத்தா, இந்த வீட்டில் நீங்கள் மறக்கமுடியாத ஆட்கள் யார்?" என்று கேட்டேன். துரைமார் யாரையாவது சொல்வா என்று எதிர்பார்த்தேன். "தொண்ணூறில் வந்த ஆட்கள்தான்" என்றா.

நேயர்களே, 1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். பெரும்பான்மையோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. அப்போது நான் பள்ளிச் சிறுவன். தமிழ் பேசுவோரைத் தமிழ் பேசுவோரே துரத்தினார்கள் என்பதை எங்கள் வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்தத் தாழ்ந்த குரலின் பொருள் வெகுகாலம் கழித்தே எனக்கு விளங்கியது.

"ஏழு குடும்பம் மாஸ்டர்" என்றார் நானா. "கட்டிலை எல்லாம் தூக்கி வெளியே போட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்தோம். விறாந்தையைச் சீலை கட்டிப் பிரித்தோம். வாப்பா அப்போது உயிரோடு இருந்தார். அவர்தான், இது வாடி, வந்தவன் தங்கத்தான் கட்டியது என்று சொன்னார். ஒரு வருசத்துக்கு மேலே இருந்தார்கள். இந்தத் தூணடியில் ஒரு பிள்ளையும் பிறந்தது."

வீடும் வாடுமா என்று கேட்ட மாணவியை நினைத்துக்கொண்டேன். வாடிவீடு என்ற சொல்லுக்கு நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட பொருளைப் படிப்பறிவு குறைந்த ஒரு வாப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"நானா, இதை எழுதலாமா?" என்றேன். அவர் தயங்கினார். "உல்லாசமாக இருக்க வருபவர்களுக்கு இந்தக் கதை எதற்கு?" என்றார். பழைய புண்ணைக் காசுக்குக் காட்டுவதாகிவிடுமோ என்றும் கூச்சப்பட்டார். அவர் கூச்சம் என்னையும் யோசிக்க வைத்தது. புண்ணைக் காட்டுவது வேறு, புகலிடம் தந்ததைச் சொல்வது வேறு என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். ஒல்லாந்தர் கட்டியது என்று நான் எழுதமாட்டேன் என்றும் சொன்னேன். பொய்க்குக் கையெழுத்திட்ட தமிழாசிரியன் நாளை வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பான்?

புறப்படுமுன் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். விக்டோரியா காலத்தின் பின்பகுதியில் தென்னந்தோட்டமாக இருந்த காணியில் எழுந்த வீடு இது. கூரை கள்ளிக்கோட்டை ஓட்டால் வேய்ந்தது. இடமில்லாத அதிகாரிமார் இங்கே தங்கினர். அவர்களை ஏற்றிவந்த வண்டிக்காரர் முற்றத்தில் படுத்தனர். 'தமிழ் புளூட்டாக்' எழுதிய சைமன் காசிச்செட்டி இவ்வூரிற் பிறந்தவர். 1990இல் வடக்கிலிருந்து வந்த ஏழு குடும்பங்கள் இவ்வீட்டில் வாழ்ந்தன. இவ்வளவுதான். வாடகையை முழுதாகக் கொடுத்தேன். கழிவு வேண்டாம் என்றதில் அவருக்குச் சிறிது மனவருத்தம்.

இரண்டு மாதம் கழித்து நானா தொலைபேசியில் பேசினார். கேட்டில் ஆங்கிலப் பலகை ஏறிவிட்டதாம். மகன் 'ஒல்லாந்தர்' என்பதை விட மறுத்துவிட்டானாம். என் பக்கத்தைச் சட்டம் போட்டு விறாந்தையில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பதாகச் சொன்னார். வாசலில் ஒரு வரலாறும் விறாந்தையில் ஒரு வரலாறுமாக அந்த வீடு இப்போது இருக்கிறது. நம் நாட்டில் பல வீடுகளின் நிலை அதுதான்.

"அதைச் சொல்ல எடுக்கவில்லை மாஸ்டர்" என்று தொடர்ந்தார். "போன கிழமை ஒரு வயசான உம்மா வந்தா. மன்னாரிலிருந்து வந்த ஆட்களில் ஒருத்தி. இப்போது புத்தளத்தில் இருக்கிறா. பேரனிடம் சொல்லி உங்கள் எழுத்தை வாசிப்பித்துக் கேட்டா. கேட்டுவிட்டு, பிழை என்றா."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. "என்ன பிழை?"

"ஏழு இல்லை, எட்டாம். உள்ளே இடம் போதாமல் ஒரு குடும்பம் பின்வளவில் முருங்கையடியில் கிடுகு போட்டு இருந்ததாம். அது அவவின் குடும்பம்தான். எனக்கே மறந்துவிட்டது மாஸ்டர். உள்ளே இருந்தவர்களைத்தானே எண்ணினேன்."

வண்டிக்கடியில் படுத்த பூட்டனின் கொள்ளுப்பேரனும் உள்ளே இருந்தவர்களை மட்டுமே எண்ணி எழுதியிருக்கிறேன். அன்றிரவே அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதி அஞ்சலில் அனுப்பினேன். இப்போது அதில் எட்டு என்று இருக்கிறது. முருங்கையடிக் கிடுகுக் குடிலும் இருக்கிறது. அதற்கு எங்கள் கரையில் வாடி என்று பெயர்.